ஏ.சி. போடாத மைலேஜ்

அத்தியாயம் 14

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இந்துப்ரியா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததில், கார் டெலிவரி எடுக்கிற நாளே வந்து வாசலில் நின்றது.

சொல்ல வேண்டியது பெரிய கதை இல்லை. ஒரே ஒரு நம்பர்தான். ஆனால் அந்த நம்பர் போன மாசத்திலிருந்து அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

விளாங்குடி வீட்டு மாடியில் அவளும் கணவன் பாலமுரளியும் நடத்துகிற 'வண்டி வாசல்' சேனலை மதுரையில் புதுக் கார் வாங்க நினைக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். கேமரா, எடிட்டிங், எழுத்து எல்லாம் அவன். முகமும் குரலும் அவள். போன மாசம் ஹைபிரிட் கார்களை ஒப்பிட்டு ஒரு வீடியோ போட்டார்கள். ஒன்று, என்ஜினுக்குக் கை கொடுக்கிற அளவுக்குச் சின்ன பேட்டரி வைத்த பாதி ஹைபிரிட். இன்னொன்று, நெரிசலில் ஊரும்போது பேட்டரியிலேயே ஓடுகிற முழு ஹைபிரிட். விலை மூன்று லட்சம் கூட.

மூன்று லட்சம் கூடக் கொடுத்து அதை வாங்கலாமா, கூடாதா? வீடியோவே அந்த ஒரு கேள்விதான்.

ஏ.சி. போட்டு, மூன்று பேர் உட்கார்ந்து, சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலில் ஓட்டிப் பார்த்தபோது முழு ஹைபிரிட் கொடுத்தது லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். பாலமுரளியின் முகம் வாடிவிட்டது. வீடியோவுக்குப் பணம் கொடுத்த விளம்பர ஏஜென்ட் எதிர்பார்த்தது இருபத்தைந்துக்கு மேல். மறுநாள் விடிகாலையில் ரிங் ரோட்டில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஐம்பதைத் தாண்டாமல் மறுபடி ஓட்டினான். இருபத்தேழு வந்தது.

"மதுரை ட்ராபிக்ல, ஏ.சி. போட்டு ஓட்டினாலும் இருபத்தேழு!" என்று எழுதிக் கொடுத்தான். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அதைச் சொன்னாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அப்பா நம்பினார்.

"ராகுகாலத்துக்கு முன்னாடி சாவி வாங்கணுமாம். உங்கப்பா ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். கிளம்பு" என்றபடி பாலமுரளி கேமரா பையைத் தோளில் மாட்டினான்.

"கேமரா எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கறே பாரு! பொண்ணு சேனல்ல சொன்ன காரை அப்பாவே வாங்குறார். இதைவிட வேற என்ன வீடியோ வேணும்?"

"முரளி, அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலை."

"சொல்லாதே. சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது? ரிஜிஸ்ட்ரேஷன் அவர் பேர்ல முடிஞ்சாச்சு. மனுஷன் சந்தோஷமா இருக்கார், இருக்கட்டும். இருபதுக்கும் இருபத்தேழுக்கும் அவர் பெட்ரோல் பங்க்ல நின்னு கணக்கா பார்க்கப்போறார்?"

பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஹரிராம் முப்பது வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட்டின் தேதியைக்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கிறவர். "பெரிய எழுத்துல இருக்கிறதை அவன் நமக்குக் காட்டுறான். சின்ன எழுத்துல இருக்கிறதை நாமதான் தேடிப் படிக்கணும்" என்பது அவர் தினமும் சொல்கிற வேதவாக்கு.

அப்படிப்பட்டவர் பாதி ஹைபிரிட்தான் என்று முடிவு செய்து, அட்வான்ஸ் கட்டப் போகிற நேரத்தில் மகளின் வீடியோவைப் பார்த்தார். மனதை மாற்றிக்கொண்டார். மிச்ச மூன்று லட்சத்துக்கு, அம்மா வசுந்தரா அடுப்படியை இடித்துக் கட்டுவதற்கென்று வைத்திருந்த பணம் போயிற்று. மழை பெய்தால் அடுப்புக்கு மேலேயே சொட்டுகிற அடுப்படி அது.

"அதனால என்ன? அடுப்படி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். எம் பொண்ணு டெஸ்ட் பண்ணிச் சொன்ன வண்டி" என்று அம்மா போனில் சொன்னபோது, இந்துப்ரியா "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பைபாஸ் ரோட்டில் இருந்த ஷோரூமில், சிவப்புத் துணி போர்த்திய கார் நடுநாயகமாக நின்றது. பக்கத்தில் கேக். மேலே வண்ணக் காகிதத் தோரணம். விற்பனைப் பிரிவில் இருக்கிற பாண்டிராஜ் அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"வாங்கண்ணே, வாங்க மேடம். உங்க வீடியோ வந்ததுல இருந்து இந்த வண்டிக்குத்தாண்ணே கூட்டம். நேத்து மட்டும் நாலு புக்கிங்."

பாலமுரளி அவளைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றாள்.

அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், மணமேடையில் நிற்கிற பெண்ணின் அப்பா போல நின்றிருந்தார். அம்மா எலுமிச்சம்பழமும் மல்லிகைச் சரமும் வைத்த தட்டோடு, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் தட்டிலிருந்து ஒரு கண்ணி பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்தாள்.

"என்னடி, முகம் இப்படி வெளிறிக் கிடக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

சாப்பிடவில்லை.

டெலிவரி பேப்பர்கள் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும் என்றான் பாண்டிராஜ். அந்தக் கொஞ்ச நேரம்தான் வினையாகப் போயிற்று.

பக்கத்து மேஜையில் ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து வந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க 'வண்டி வாசல்' அக்காதானே? குரலைக் கேட்டதுமே இவர்ட்ட சொன்னேன். எம் பேரு முத்துமீனா. உசிலம்பட்டிக்கா. இவர் எங்க வீட்டுக்காரர், தமிழ்மாறன். காலேஜ்ல வாத்தியார். நான் இங்க பெரியாஸ்பத்திரில நர்ஸ். ஒரு செல்ஃபி எடுத்துக்கிறவா?"

தோளோடு தோள் ஒட்டி நின்று எடுத்துக்கொண்டாள். சந்தன சோப்பு வாசனையும் புதுப்புடவைக் கஞ்சி வாசனையும் வந்தது. கார் புக் பண்ண வருவதற்கே புதுப்புடவை கட்டியிருக்கிறாள் என்று இந்துப்ரியாவுக்குப் பட்டது.

"எங்க ரெண்டு குடும்பத்துலயும் இதுதான்க்கா மொத காரு. எங்க மாமனாரு அடுத்தவுக வயல்ல வேலை பார்த்து இவரைப் படிக்க வச்சவரு. வண்டி வந்ததும் அவரைத்தான் முன்னாடி சீட்ல உக்கார வைக்கணும்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு" என்று சிரித்தாள்.

தமிழ்மாறன் நிதானமான ஆள். கும்பிட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், நாங்க தினமும் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து போறவங்க. பஸ்ல வந்து இவளுக்கு இடுப்பு போச்சு. அதனாலதான் கார். ஆனா மூணு லட்சம் கூடப் போடணுமேன்னு ஒரு யோசனை. வீடியோவுல இருபத்தேழுன்னு சொன்னீங்களே, அது ஏ.சி. போட்டுத்தானே?"

கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்தது. பதிலும் அவ்வளவு சாதாரணமாக வந்திருக்கலாம். 'இல்லைங்க' என்று ஒரே ஒரு வார்த்தை.

பாலமுரளி கேமராவைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கேமராவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவள் உதடு தானாக விரிந்தது. சிரித்தாள்.

அதற்குள் அப்பா நடுவே வந்துவிட்டார்.

"தம்பி, நானும் உங்களை மாதிரித்தான் யோசிச்சேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தவன் நான். யார் என்ன சொன்னாலும் சின்ன எழுத்து எங்க இருக்குன்னு தேடுவேன். ஆனா இது எம் பொண்ணு சொன்ன கணக்கு. இவ சொன்னா அதுல சின்ன எழுத்து கிடையாது. கூடக் கொடுக்கிற காசு ஏழு வருஷத்துல பெட்ரோல்ல திரும்பிரும். நான் எடுக்கிறேன்ல? என்னை நம்பி எடுங்க."

தமிழ்மாறனின் முகம் தெளிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"சரிங்க ஐயா. பெரியவங்க நீங்களே இம்புட்டு உறுதியாச் சொல்றீங்க. எடுத்திருவோம்."

பாண்டிராஜ் புக்கிங் பாரத்தைக் கொண்டு வந்து வைத்தான். முத்துமீனா கைப்பையைத் திறந்து, கணவனின் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

இந்துப்ரியா அந்தப் பேனாவையே பார்த்தாள். கேமராவைப் பார்த்துச் சொன்ன பொய், இப்போது அப்பாவின் வாய் வழியாக இன்னொருத்தர் வீட்டுக்குள் நடந்து போகிறது. அவள் சொன்னபோதாவது அது விளம்பரம். அப்பா சொன்னபோது அது சத்தியம் மாதிரி இருந்தது.

அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது புரியாது. அந்தத் தைரியத்தில் அதிலேயே சொன்னாள்.

"அப்பா, அந்தக் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"இருபத்தேழு. ஏ.சி. போட்டு, ஊருக்குள்ள ஓட்டினப்ப இருபதுதான் வந்தது. இது வேற மாதிரி ஓட்டி எடுத்தது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

 ஹரிராம் முகத்தில் கோபம் வரும் என்று பயந்து நின்றாள். கோபம் வரவில்லை. தெருவில் யாரோ கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பி, கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்துகொண்டவர் மாதிரி விழித்தார்.

"இருபதுன்னா..." மனக்கணக்கு போடும்போது அவர் உதடு அசைவது அவளுக்குப் பழக்கம். "நான் ஓட்டுற ஓட்டத்துக்கு அந்த மூணு லட்சம் திரும்ப பதினஞ்சு வருஷம் ஆகும். எனக்கு எண்பது ஆயிருக்கும்."

அம்மா நாற்காலியிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. மடியிலிருந்த தட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்கப்பா. வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்றேன்" என்றாள் இந்துப்ரியா.

"வீட்டுக்குப் போயா?" ஹரிராம் பக்கத்து மேஜையைப் பார்த்தார். தமிழ்மாறன் பாரத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். "அவங்க யாரை நம்பி எழுதுறாங்க? என்னை நம்பி. இப்ப எங்கிட்ட சொன்னதைத் தமிழ்ல சொல்லு. அவங்களுக்குக் கேக்கிற மாதிரி சொல்லு."

"அப்பா, இத்தனை பேர் முன்னாடி..."

"நான் இத்தனை பேர் முன்னாடிதானே சொன்னேன்?"

அவள் நடந்த தூரம் நாலு எட்டுகூட இருக்காது. பாலமுரளிக்கு ஏதோ புரிந்து, "இந்து, வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்தது.

"சார், எழுதாதீங்க."

தமிழ்மாறன் நிமிர்ந்தார்.

"வீடியோவுல நான் சொன்னது உண்மை இல்லை. இருபத்தேழு ரிங் ரோட்டுல, காலையில, ஏ.சி. போடாம ஓட்டினது. ஏ.சி. போட்டு மதுரைக்குள்ள ஓட்டினா இருபதுதான். அப்பாவுக்கு இது தெரியாது. அவரையும் நான் ஏமாத்திட்டேன்."

ஷோரூமில் எங்கோ ஒரு கார்க் கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பாண்டிராஜ் கையில் இருந்த சாவிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துமீனாதான் முதலில் பேசினாள்.

"இவர் இப்பதானேக்கா உங்ககிட்டக் கேட்டாரு? ஏ.சி. போட்டுத்தானேன்னு கேட்டாரே. நீங்க எங்க மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சீங்களே."

அதற்கு என்ன பதில் சொல்வது? வீடியோ எப்போதோ எடுத்தது, யாரோ எழுதிக் கொடுத்தது என்று எதையாவது சொல்லிவிடலாம். இந்தச் சிரிப்பு இப்போது, இங்கே, இவள் முகத்துக்கு நேரே சிரித்தது. தலையில் வைத்த மல்லிகை நெருப்பாகச் சுட்டது.

"மன்னிச்சிருங்க" என்றாள்.  லட்சம் பேர் கேட்கிற குரல், மேஜைக்கு அந்தப் பக்கம்கூடப் போகவில்லை.

தமிழ்மாறன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் வந்து போற தூரத்துக்கு, இருபது கொடுத்தாலும் எட்டு வருஷத்துல கட்டுபடியாயிரும் மேடம். நீங்க இருபதுன்னு சொல்லியிருந்தாலும் நாங்க இதைத்தான் எடுத்திருப்போம். பெறகு எதுக்கு அந்தப் பொய்?"

அவர் திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இது பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி நிஜமாகவே கேட்ட கேள்வி. 

ஹரிராம் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, என் வயசுக்கு நானும் விசாரிக்காம வாய் விட்டுட்டேன். நான் சொன்னதை எடுத்துப் போட்டுருங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

"ஐயா, நீங்க எதுக்குக் கும்பிடுறீங்க? கையை இறக்குங்க" என்று தமிழ்மாறன் பதறி எழுந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க. நாங்க இன்னொரு நாளு வாரோம்."

போகும்போது முத்துமீனா போனில் எதையோ தேடி விரலால் தட்டினாள். செல்ஃபியை அழிக்கிறாள் என்று இந்துப்ரியா நினைத்துக்கொண்டாள். வேறு எதையாவதுகூடப் பார்த்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்படித்தான் பட்டது.

அதற்குப் பிறகு கேக்கை யாரும் வெட்டவில்லை. பாண்டிராஜ் சிவப்புத் துணியைத் தானே உருவி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். அம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தாள். குனிய முடியாமல் குனிந்தவளுக்கு இந்துப்ரியா உதவப் போனாள். அம்மா தடுக்கவில்லை. ஆனால் தட்டையும் அவள் கையில் கொடுக்கவில்லை.

"மாமா, வண்டி வேணாம்னா நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்று பாலமுரளி மெதுவாகக் கேட்டான்.

"எம் பேர்ல வந்துருச்சு. இனி ஓட்டித்தான் ஆகணும்" என்றார் ஹரிராம். பிறகு மகளைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் உங்க வண்டியில வாங்க."

தமிழில் சொன்னார்.

பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் வீட்டுப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. தமிழ் அவருக்கு ஆபீசுக்கும் கடைக்கும் வெளி மனுஷருக்கும் உரியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் பேட்டரியில் நழுவிப் போயிற்று. அம்மா முன் சீட்டிலிருந்து ஒருதரம் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை.

விளாங்குடி வந்து சேர்ந்தார்கள். மாடிப்படி ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பாலமுரளி வெடித்தான்.

"ஏஜென்ட் போன் பண்ணிட்டான். பாண்டிராஜோட மேனேஜர் எல்லாத்தையும் சொல்லிட்டாராம். அடுத்த மூணு வீடியோவும் போச்சு. உங்கப்பாகிட்ட நீ சௌராஷ்டிரத்துல சொன்னதோட விட்டிருக்கலாம்ல? அது வீட்டுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள முடிஞ்சிருக்குமா?"

"அவங்க எப்படியும் அதைத்தான் வாங்குவாங்கன்னு அந்த ஆளே சொன்னாரே!"

"அதனாலதான் எனக்கு வெக்கமா இருக்கு, முரளி. இருபதுன்னா வாங்கியிருக்க மாட்டோம்னு அவர் சொல்லியிருந்தாலாவது ஏதோ ஒரு காரணத்துக்காகப் பொய் சொன்னோம்னு இருந்திருக்கும்."

அவன் கேமரா பையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு உள்ளே போனான்.

சாயங்கால வெயில் மாடியில் சரிந்து கிடந்தது. துணி எடுக்கப் போனவள் துணியை எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு போன் பண்ணினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி பண்ணவில்லை.

போனில் அந்த வீடியோவைத் திறந்தாள். தன் முகம் வருவதற்குள் நிறுத்திவிட்டுக் கீழே கமென்ட்டுகளைத் தள்ளினாள். எப்போதும் லைக் எத்தனை என்று மட்டும் பார்ப்பாள். இன்று ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'சூப்பர் அக்கா, உங்களை நம்பித்தான் முடிவு பண்ணேன்.'

'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

அதற்குக் கீழே, இன்று காலையில் ஒருவர் போட்டது: 'நான் பரவை சிவனாண்டி. காய்கறி மார்க்கெட் பக்கத்துல வாடகைக்குக் கார் ஓட்டுறேன். பழைய டீசல் வண்டியை வித்துட்டேன் அக்கா. இருபத்தேழு கிடைச்சா போதும், பொழச்சுக்குவேன். நாளைக்குக் காலையில புக் பண்ணப் போறேன்.'

பழைய வண்டியை விற்றுவிட்டார். வாடகை வண்டி. நாள் முழுக்க ஏ.சி. ஓடும்.

தமிழ்மாறனுக்குக் கட்டுபடியாவது இவருக்கும் ஆகுமா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதைக்கூட இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தோன்றியது.

வீடியோவை எடுத்துவிடலாம். எடுத்தால், நம்பி வந்தவர்கள் எதற்காக எடுத்தாள் என்று தெரியாமலே போய்விடுவார்கள். அப்பா என்ன சொன்னார்? அவங்களுக்குக் கேக்கிற மாதிரி சொல்லு.

எல்லாக் கமென்ட்டுக்கும் மேலே நிற்கிற மாதிரி எழுதினாள்.

'இந்த வீடியோவில் நான் சொன்ன மைலேஜ் உண்மை இல்லை. ஏ.சி. போட்டு ஊருக்குள் ஓட்டினால் இருபதுதான் வந்தது. தெரிந்தே மாற்றிச் சொன்னேன். இதை நம்பி முடிவெடுத்தவர்கள் என்னைக் கூப்பிடுங்கள்.'

கீழே தன் சொந்த நம்பரைப் போட்டாள். பரவைக்காரருக்குத் தனியாக, 'அண்ணே, நாளைக்குப் போகாதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க' என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். இரண்டாவது முறை படித்தால் தைரியம் போய்விடும் என்று அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கீழே திண்டுக்கல் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

பின்னால் காலடிச் சத்தம். பாலமுரளி கையில் அவனுடைய போனோடு நின்றான். அவன் முகத்தைப் பார்த்தாலே படித்துவிட்டான் என்று தெரிந்தது.

"சேனல் ரெண்டு பேரோடது, இந்து. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"எடுக்காதே" என்றான்.

அது நாலைந்து முறை அடிக்கும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.   அப்புறம் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ... வண்டி வாசல் அக்காவா? நான் பரவையிலேர்ந்து பேசுறேன். நீங்க போட்டதை இப்பத்தேன் பார்த்தேன். அக்கா, நான் நாளைக்கு வரைக்கும் பொறுக்காம, இன்னிக்கு மத்தியானமே போயிக் காசைக் கட்டிப்புட்டேனே..."

பாலமுரளி தன் போனைக் கீழே இறக்கினான்.

"அண்ணே, என் பேரு இந்துப்ரியா" என்றாள் அவள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. நான் நேர்ல வாரேன்."